அவன் பணம் கொடுத்தான்

1964 நவம்பரில் என் வகுப்புத் தோழன் ஒருவன் தன்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக் கட்டணத்தை என் கையில் கொடுத்து, பள்ளி அலுவலகத்தில் கட்டிவிடச் சொன்னான். நான் கட்டவில்லை. அந்தப் பணத்தில் சினிமா பார்த்தேன். தலைமையாசிரியர் விசாரித்தபோது, அவன் என்னிடம் பணமே கொடுக்கவில்லை என்று சொன்னேன். என்னை நம்பினார்கள். அவன் பரீட்சை எழுதவில்லை. பரீட்சைப் பணத்தைத் தின்றவன் என்ற பேரோடு ஊரில் வாழ்ந்தான். அந்தப் பேரோடுதான் செத்தான்.

விஷயம் இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொள்ள எனக்கும் ஆசைதான். சுருக்கிச் சொன்னால் குற்றமும் சுருங்கித் தெரியும். அதனால் நிறுத்தப் போவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எனக்கு வேறு வழி இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வழி கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட்டேன். எல்லாவற்றையும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

எனக்குத் திருப்பாச்சூர். திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற சாலையில் இருக்கிறது. அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். அப்பரும் சம்பந்தரும் பாடிய வாசீஸ்வரர் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். என் அப்பா ஊருக்குக் கணக்குப்பிள்ளை. யாருக்கு எவ்வளவு நிலம், யார் எவ்வளவு கிஸ்தி பாக்கி என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. நிறைய நிலம் வைத்திருந்தவர்கள்கூட எங்கள் திண்ணைக்குக் கீழே நின்றுதான் பேசுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் என் பொய் ஏன் எடுபட்டது என்பதற்கு இது தெரிய வேண்டும்.

அவன் வண்ணார் வீட்டுப் பையன். ஊர்த் துணியெல்லாம் அவர்கள் வீட்டு வெள்ளாவியில்தான் வெந்தது. அறுப்புக் காலத்தில் களத்தில் அளந்து போடுகிற நெல்லும், ராத்திரி வீடு வீடாகப் போய் வாங்குகிற சோறும்தான் அவர்களுக்குக் கூலி. காசைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். அந்த வீட்டுப் பையன் உயர்நிலைப்பள்ளி வரைக்கும் வந்ததே பெரிய காரியம். அது தானாக நடந்துவிடவில்லை. பிள்ளைகள் அரைநாள் படித்துவிட்டு மிச்ச நேரம் அப்பன் தொழிலைப் பார்க்கட்டும் என்று 1953-இல் ஒரு திட்டம் வந்தது. மறு வருஷம் காமராசர் முதலமைச்சராக வந்ததும் அதைக் கைவிட்டார்கள். 1956-இல் மதிய உணவு வந்தது. அந்தச் சோறு இல்லாவிட்டால் இவன் மூன்றாம் வகுப்போடு ஏரிக்கரைக்குப் போயிருப்பான். 1958-இல் பக்கத்துக் கடம்பத்தூரில்தான் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய இயக்கம் அது. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பெஞ்சு, பீரோ, கரும்பலகை என்று தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். பிறகு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சம்பளமும் நீங்கியது. பரீட்சைக் கட்டணம் ஒன்றைத்தான் கையிலிருந்து கட்ட வேண்டும்.

ஒரு அரசாங்கமும் அக்கம்பக்கத்து ஜனங்களும் பத்து வருஷம் முயன்று வகுப்பில் உட்கார வைத்த பையன் அவன். அவனை நான் ஒரே ஒரு சனிக்கிழமையில் வெளியே தள்ளினேன்.

திருவள்ளூர்ப் பள்ளிக்கு இருவரும் சேர்ந்து நடப்போம். மூன்று மைலுக்குக் குறையாது. கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டி. மடக்கை அட்டவணையைப் புரட்டுகிற வேகத்தில் விடையைச் சொல்லிவிடுவான். வழியில் வீட்டுக் கணக்குகளை அவன்தான் எனக்குப் போட்டுக் காட்டுவான். ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் என்னை ‘நீங்க’ என்பான். எல்லை தாண்டினால் ‘டா’ போடுவான். திரும்பும்போது அதே இடத்தில் மறுபடி ‘நீங்க’ ஆகிவிடும். ஊருக்குள்ளும் என்னை வாடா போடா என்று கூப்பிடு என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ‘நீங்க’ எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளியில் எனக்கு வேறு கவலை. வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களின் பையன்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள். ரைஸ்மில்காரர் மகன், ஜவுளிக்கடைக்காரர் மகன் என்று. கிராமத்திலிருந்து நடந்து வருகிற என்னை அவர்கள் ‘பட்டிக்காடு’ என்பார்கள். ஊரில் யாரும் என்னை அப்படி ஒரு வார்த்தை பேச முடியாது. டவுனில் பேசினார்கள். அதைத் தாங்க முடியாமல், அவர்களுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்று தவித்தேன். இரவில் படுக்கையில் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பேன்.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சிவாஜியின் நூறாவது படம் ‘நவராத்திரி’ வந்தது. ஒன்பது வேஷம். டவுன் பையன்கள் சனிக்கிழமை மெட்ராஸ் போய்ப் பார்ப்பதாக முடிவு செய்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதே எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி ஊருக்குள் நுழைந்ததும் அவன் பணத்தைக் கொடுத்தான். திங்கட்கிழமை கட்டணம் கட்டக் கடைசி நாள். அன்றைக்கு ஊரில் ஒரு பெரிய வீட்டுக் கருமாதி. மாத்துத் துணி விரிக்க அவன் அப்பாவோடு அவனும் போயாக வேண்டும். போகாமலிருக்க அவர்களால் முடியாது. “திங்கக்கெழம நான் வர முடியாதுங்க. ஆபீஸ்ல கட்டிட்டு ரசீது மட்டும் வாங்கியாந்துடுங்க” என்றான். சரி என்றேன். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. டவுசர் பையில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்தப் பணத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எடுத்துக்கொண்டுதான் போனேன். தொலைந்துவிடுமோ என்று பயந்து கூடவே வைத்திருந்ததாகப் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பையில் பணம் இருக்கிற தைரியத்துக்காக எடுத்துப் போனேன்.

மவுண்ட் ரோட்டில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. கவுன்ட்டர் மூடிவிட்டார்கள். வெளியே பிளாக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். விலையைக் கேட்டதும் ரைஸ்மில்காரர் மகனே தயங்கினான். “திரும்பிடலாம்டா” என்றான் ஒருவன். இன்னொருவன் என்னைப் பார்த்து, “இவனுக்கு ரயில் பார்த்ததே போதும்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பைக்குள் கையை விட்டேன். “எல்லாருக்கும் நான் வாங்கறேன்” என்றேன்.

யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்கக்கூட இல்லை. அது யாருடைய பணம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் அதைச் சேர்க்க என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதும் தெரியும். அவன் அம்மா எங்கள் புழக்கடையில் வந்து, ஒரு சேர் அரிசி கடன் கேட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்துதான் நோட்டை நீட்டினேன். அந்த நிமிஷத்தில் அவர்கள் முகத்தில் வந்த மாற்றம் எனக்கு வேண்டியிருந்தது. வந்தது. “கணக்குப்பிள்ளை மவன்னா சும்மாவா” என்று ஒருவன் தோளில் கை போட்டான். இடைவேளையில் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தேன். படம் முடிந்து ஓட்டலில் டிபனும் வாங்கிக் கொடுத்தேன். திரும்புகையில் பையில் சில்லறைதான் இருந்தது.

அன்றைக்கு நான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை அவன் அம்மா துவைத்துப் பெட்டி போட்டுக் கொடுத்தது.

அப்பாவின் பெட்டியிலிருந்து எடுத்துத் திங்கட்கிழமை கட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா சாவியோடு அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். அலுவலகத்து வாசல் வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சாயங்காலம் ஊருக்கு வந்தால் கருமாதி வீட்டு வாசலில் அவன் நின்றான். தூரத்திலிருந்தே தலையை ஆட்டிக் கேட்டான். நானும் தலையை ஆட்டினேன். கட்டியாயிற்று என்று அர்த்தம். அதுதான் முதல் பொய். வாயைத் திறக்காமலே சொன்னேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கே இன்னும் விளங்காதது. அபராதம் சேர்த்துக் கட்டச் சில நாள் அவகாசம் உண்டு என்று வகுப்பாசிரியர் சொன்னார். அதற்குள் அப்பா திரும்பிவிட்டார். ஒரு நாள் மத்தியானம் பெட்டி திறந்தே கிடந்தது. அப்பா கிணற்றடியில் இருந்தார். பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு காசும் எண்ணி எழுதப்பட்ட காசு. குறைந்தால் ராத்திரிக்குள் தெரிந்துவிடும். அடி விழும் என்று பயந்தேன். முதுகில் விழும் ஒரு அடிக்குப் பயந்து இன்னொருவன் படிப்பை விட்டேன். அம்மாவிடம் சொல்லியிருந்தால் அம்மா கொடுத்திருப்பாள். அவளிடமும் சொல்லவில்லை. அவள் கண்ணில் நான் நல்ல பிள்ளை. அது போய்விடக் கூடாது என்றிருந்தது.

அவன் ரசீது கேட்டான். நாளைக்கு, நாளைக்கு என்றேன். அவகாசம் முடிந்தது.

பரீட்சைக்குப் போகிறவர்கள் பட்டியல் தயாரானபோது அவன் பெயர் இல்லை. தலைமையாசிரியர் அறைக்கு அவனைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டு ஆள் வந்தது. நான் பள்ளி மாணவர் தலைவன். அந்த அறைக்குள் அடிக்கடி போய் வருகிறவன். அன்றைக்கு நடை வரவில்லை.

உள்ளே தலைமையாசிரியரும் வகுப்பாசிரியரும் இருந்தார்கள். அவன் சுவர் ஓரமாக நின்றான். மேஜை மேல் எங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தனியாக ஒன்று கிடந்தது. அது அவனுடையது.

“பணத்தை உன்கிட்ட கொடுத்தேங்கறான். கொடுத்தானா?”

நான் பதில் சொல்வதற்குள் அவன் பேசினான். பள்ளிக்குள் என்னை எப்போதும் ‘டா’ என்கிறவன், அன்றைக்கு அங்கே மரியாதையாகப் பேசினான். “குடுத்தேன் சார். இவங்க மறந்து வீட்ல வச்சிருப்பாங்க. கேட்டாக்கா ஞாபகம் வரும் சார்.”

என் கழுத்தை நெரித்திருக்க வேண்டியவன் எனக்கு வழி விட்டான். ‘ஆமாம் சார், மறந்துவிட்டேன்’ என்று சொன்னால் போதும். திருட்டு என்றுகூட ஆகியிருக்காது. மறதி என்று ஆகியிருக்கும். வகுப்பாசிரியர் எப்படியாவது பட்டியலில் சேர்க்கப் பார்த்திருப்பார். அவன் அந்த வார்த்தையை என் கையில் எடுத்துக் கொடுத்தான்.

“இல்ல சார். எங்கிட்ட எதுவும் கொடுக்கல” என்றேன்.

குரல் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். தெளிவாகவே சொன்னேன். தலைமையாசிரியர் அவனைப் பார்த்து, “என்னடா இது?” என்றார். அவன் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. நான் சொன்னது அவன் காதில் சரியாக விழவில்லையோ என்பதுபோல் இன்னும் காத்துக்கொண்டு நின்றான். நான் மேஜையைப் பார்த்தேன். “நீ போப்பா” என்றார்கள் என்னை. போனேன்.

பள்ளியை நான் குறை சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை மகன், மாணவர் தலைவன் ஒருபக்கம்; வண்ணார் வீட்டுப் பையன் ஒருபக்கம். அவர்கள் யாரை நம்புவார்கள் என்பது உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் பொய் சொன்னேன். அவன் என் சாதியாக இருந்திருந்தால், அவன் அப்பா என் அப்பாவுக்குச் சமமாகத் திண்ணையில் உட்காரக்கூடியவராக இருந்திருந்தால், நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். பயந்திருப்பேன். இவனிடம் பயப்பட எதுவும் இல்லை.

அன்று ராத்திரி சோறு வாங்க வந்தபோது அவன் அம்மா எங்கள் புழக்கடையில் நின்று அழுதாள். அப்பா வெளியே வந்தார். “என் பிள்ளை மேல பழி போடறானா உன் பிள்ளை?” என்றார். அவள் நடுங்கிப்போனாள். “இல்லீங்க சாமி, அந்தப் பாவிதான் துன்னுட்டான்” என்றாள். நான் உள்ளே தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்காகப் பெற்ற பிள்ளையையே அவள் பாவி என்றாள். நான் வெளியே வரவில்லை.

சத்தியம் பண்ணச் சொல்லலாம் என்று ஊரில் யாரோ பேச்செடுத்தார்கள். என்னைக் கேட்கவே இல்லை. கணக்குப்பிள்ளை மகன் சத்தியம் பண்ண வேண்டியதில்லை. அவன் மட்டும் வாசீஸ்வரர் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். செய்த பிறகும் அவனை நம்பவில்லை. பொய்ச் சத்தியமும் பண்ணுகிறான் என்று கூடுதலாக ஒரு பேச்சு வந்தது. அவன் அப்பா விறகுக் கட்டையால் அடித்ததில் இடது கை சில நாள் வீங்கியிருந்தது.

1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வந்தது. மெட்ராஸ் ராஜ்யம் முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நாங்களும் திருவள்ளூரில் ஊர்வலம் போனோம். மாணவர் தலைவன் என்பதால் நான்தான் முன்னால் நடந்தேன். அநியாயம், அநியாயம் என்று தொண்டை வற்றக் கத்தினேன். அந்தப் போராட்டத்தின் நியாயத்தில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வார்த்தையை உச்சரிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்பது அன்றைக்கே தெரியும். அவன் அதற்குள் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

மார்ச்சில் பரீட்சை எழுதினேன். பாஸ் செய்தேன். கணக்கில் நல்ல மார்க். யார் சொல்லிக் கொடுத்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. எங்கள் பக்கம் அப்போதுதான் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-இலேயே வந்துவிட்டது. அம்பத்தூரில் சைக்கிள், டயர். பாடியில் மோட்டார் சாமான். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை. அங்கிருந்துதான் 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. எல்லா இடத்திலும் ஆள் எடுத்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். திருவள்ளூர் லைன் ரயிலில் காலையில் சோற்றுக் கேரியரோடு போகிற கூட்டத்தில் பாதிப் பேர் அந்தப் புத்தகத்தால் உள்ளே போனவர்கள். நானும் அப்படித்தான் ஆவடிக்குப் போனேன். சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் அதில் வந்தவை. இப்போது நான் வாங்குகிற பென்ஷனும் அதில் வந்ததுதான்.

சூளையில் அவன் சில வருஷம் இருந்தான். பிறகு அப்பன் தொழிலுக்கே திரும்பினான். திருவள்ளூரில் ஒரு தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டான். கரி அடைத்த பித்தளைப் பெட்டி. மழைக்கு ஒரு தார்ப்பாய். சட்டைப் பைகளில் மறந்துபோன காசைச் சல்லிக்காசு குறையாமல் காகிதத்தில் மடித்து, மேலே பேர் எழுதித் துணியோடு திருப்பிக் கொடுப்பான் என்று டவுனில் சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, “அவனா? பரீட்சைப் பணத்தையே தின்னவனாச்சே” என்பார்கள். என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

அவன் வண்டி இருந்த தெரு வழியாகப் போனால் ஸ்டேஷன் பக்கம். நான் சுற்றிக்கொண்டு போவேன். உத்தியோகக் காலம் முழுக்க அப்படித்தான் போனேன்.

ஒரு முறை நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். 1980-இல் கிராமக் கணக்குப்பிள்ளை, முன்சீப் பதவிகளை அரசு ஒழித்த சமயம். ஸ்டேஷன் படிக்கட்டில் எதிரே வந்தான். “ஐயாவுக்கு வேலை போச்சாமே, மனசு கஷ்டப்படுவாரே” என்றான். அவனுக்கு அப்போதே முன்மயிர் நரைத்திருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அவன் அம்மாவும் அப்போது உயிரோடிருந்தாள். நான், “ஆமாம், என்ன செய்யறது” என்றேன். ரயில் வந்துவிட்டதாகச் சொல்லி ஏறிப்போனேன். அது என் ரயில் அல்ல. அரக்கோணம் போகிற வண்டி.

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் அவன் போய்விட்டான். ஊரடங்கு என்று சொல்லிக்கொண்டு நான் போகவில்லை. ஊரடங்கு இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

அவன் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிறார். போன வருஷம் அவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். ஏன் இத்தனை காலம் கழித்து என்று நீங்கள் கேட்பீர்கள். உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. எனக்கு இதயத்தில் அடைப்பு என்றார்கள். செத்துப்போவேனோ என்ற பயம் வந்தது. எப்போதும் போல அப்போதும் என்னை நகர்த்தியது பயம்தான்.

அவர் நான் பேசி முடிக்கும் வரை குறுக்கிடவில்லை. பிறகு, “அப்பா எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுவாரு. பரீட்சைப் பணத்த யார் கைலயும் குடுக்காத, நீயே போய்க் கட்டு, ரசீது வாங்கிக்கோன்னுவாரு. ஏன்னு சொன்னதில்ல. உங்க பேரச் சொன்னதே இல்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க ஆயா சாவுற வரிக்கும் அப்பாவ நம்பலிங்க. அதான் அவருக்குக் கொற. நீங்க எங்க ஆயாகிட்ட வந்து சொல்லியிருக்கணும்” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பணம் கொடுக்கப் போனேன். கையை எடுக்கச் சொன்னார். “எங்கிட்டச் சொல்லி இன்னா ஆவப் போவுது? ஊர்ல சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஊரில் சொன்னேன். பேருந்து நிறுத்தத்து டீக்கடையில், என் வயதுக்காரர்கள் உட்காருகிற நேரமாகப் பார்த்துப் போய்ச் சொன்னேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டதை உங்களிடமும் சொல்ல வேண்டும். அவர்கள் நம்பவில்லை. ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உனக்குப் பெரிய மனசு. செத்தவன் பேரைக் காப்பாத்த நீ பழியை ஏத்துக்கறே” என்றார். இன்னொருவர், “அவன் மவன் எதாச்சும் கேட்டு மிரட்டறானா?” என்று ரகசியமாக விசாரித்தார். நான் எவ்வளவு சொல்லியும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். கணக்குப்பிள்ளை மகன் பொய் சொன்னபோது உண்மை என்றார்கள். உண்மை சொன்னபோது பெருந்தன்மை என்கிறார்கள். அவனுக்கு ஏற்பட்ட பழி என் வாக்குமூலத்தாலும் கழியவில்லை. எனக்கு ஒரு புகழ் சேர்ந்ததுதான் மிச்சம்.

அதனால் எழுதுகிறேன். அவன் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டார். ஊராருக்குப் போடாமலே தெரியும். நம்ப மறுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

அவன் எனக்குக் கொடுத்த பணம் ஒரு துணி முடிச்சில் இருந்தது. எங்கள் வீட்டில் அவர்களுக்குக் கொடுத்த என் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துணி அது. ஓரத்தில் சேங்கொட்டையால் போட்ட எங்கள் வீட்டுக் குறி இருந்தது. மூன்று புள்ளியும் கீழே ஒரு கோடும். உள்ளே நான்காக மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்று. மிச்சமெல்லாம் சில்லறை. சில்லறையில் ஓட்டை போட்ட பழைய காலணா ஒன்றும் கலந்திருந்தது. செல்லாத காசு. அவன் அம்மா தெரியாமல் சேர்த்துவிட்டாள் போலும். மவுண்ட் ரோட்டில் அந்த முடிச்சைப் பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அவ்வளவு இறுக்கமாகப் போட்டிருந்தாள். காலணாவையும் துணியையும் திரும்பி வருகிற ரயிலிலிருந்து வெளியே எறிந்தேன்.

அந்த முடிச்சுப் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் ஒருத்தி இன்னும் இருக்கிறாள். அவன் தங்கை. மணவாள நகரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளை இதுவரை நான் பார்க்கவில்லை, பேசவில்லை. யாரும் முன்கூட்டி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அந்தத் துணியில் என்ன குறி இருந்தது, காசில் என்ன கலந்திருந்தது என்று நீங்களே போய் அவளைக் கேளுங்கள்.